மடிக்கணினியின் முகம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் என் மடிக்கணினி வேகம் இழந்தது. அதுவரை, வயதான ஒரு பொருளுக்குரிய நிதானத்துடன், ஆனால் குறை சொல்ல முடியாதபடி உழைத்துக்கொண்டிருந்தது. அன்று காலை திறந்தபோதோ, தட்டிய எழுத்து திரையில் வந்து சேர்வதற்குள் நான் எழுத நினைத்த சொல்லே எனக்கு மறந்துபோயிற்று.

வேறொரு நாளாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அடுத்த நாள் பதினொரு மணிக்கு அதன் முன்னால் உட்கார வேண்டியவர் என் சித்தி. இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிய பிறகு, தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்று, படூரில் ஒரு தனியார் கல்லூரியின் மகளிர் விடுதிக்கு வார்டன் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். நேர்காணல் இணையவழி. அவர் வாழ்க்கையில் முதல் நேர்காணலும் அதுதான். கைபேசியில் பேசிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே, பெற்றோருக்கான ஓர் அறிவிப்பைக் கணினியில் தட்டச்சு செய்து காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

திருப்போரூரில் நாங்கள் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக வாழ்கிறோம். எங்கள் வீட்டுக்கென்று இருப்பது அந்த ஒரு கணினிதான். புதியது வாங்கச் சொன்னவர்களிடமெல்லாம், நாம் எறியும் பழையது யாருடைய ஊரில் போய்க் குவியும், யார் வெறுங்கையால் அதை உடைப்பார்கள் என்று கேட்டு, நல்ல மாலைப்பொழுதுகள் பலவற்றைக் கெடுத்திருக்கிறேன். அந்தக் கேள்வி இன்றும் சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் என் கொள்கைக்கான விலையைச் சித்தி கொடுக்க நேர்வது எந்த நியாயத்தில் சேரும்?

முதலில் நோயைக் கண்டறிந்தவர் சித்தப்பா. பழைய மாமல்லபுரம் சாலையில் வேன் ஓட்டுகிறவர்.

"இன்னா பாப்பா, வண்டி இழுக்கலியா?"

"ரொம்ப மெதுவா இருக்கு சித்தப்பா."

"லோடு ஜாஸ்தி. பாதிய எறக்கு, தானா போவும்."

பாடப்புத்தகமும் ஏறக்குறைய இதையே சொல்வதால், இறக்கத் தொடங்கினேன். படிக்கும் காலத்தில் களப்பணிக்குப் போன கிராமங்களின் படங்கள், குப்பையைக் குறைப்பது பற்றிய மிக நீண்ட கருத்தரங்கப் பதிவுகள் என்று ஒவ்வொன்றையும் அழிக்குமுன் அதனால் சமூகத்துக்கு இனி ஏதேனும் பயன் உண்டா என்று யோசித்தேன். பெரும்பாலானவற்றால் எப்போதுமே பயன் இருந்ததில்லை என்பது தெரியவந்தது. ஓர் உறவினர் திருமணக் காணொளியில் கை வைத்தபோதுதான் சித்தி பதறினார்.

"ஐயோ, அத மட்டும் அழிச்சிடாத! அதுலதான் நான் ஒல்லியா கீறேன்."

அதை விட்டுவிட்டேன். பின்னணியில் ஓடிய செயலிகளை நிறுத்தினேன். நச்சுநிரல் இருக்கிறதா என்று சோதிக்கவிட்டேன். அந்தச் சோதனை தொடங்கிய இடத்திலேயே சிலையாக நின்றது. அணைத்து, மறுபடி போட்டேன். கொஞ்ச நேரம் நன்றாக ஓடி எல்லோருக்கும் நம்பிக்கை ஊட்டிவிட்டு, பழையபடி படுத்துக்கொண்டது. கேளம்பாக்கத்தில் இருக்கும் பழுதுபார்ப்புக் கடைக்கு அழைத்தேன்.

"டூல்ஸ்லாம் பூஜையில கீதும்மா," என்றார் கடைக்காரர். "எடுக்கக் கூடாது."

"இன்னிக்கு விஜயதசமி ஆச்சே, எடுக்கலாமே?"

"எடுக்கலாம். எடுக்குற ஆளு ஊருக்குப் போயிட்டாரு. திங்கக்கெழம வாங்க."

சித்தி அன்று முழுவதும் அதன் முன் அமர்ந்து பயிற்சி செய்தார். 'அன்புள்ள பெற்றோர்களுக்கு' என்று அடித்துவிட்டு, எழுத்துகள் வரும்வரை கீரை ஆய்ந்தார். "இது வந்து சேர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுங்க படிச்சி முடிச்சிட்டு வூட்டுக்கே போயிடும்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இரவுச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பில்லை.

மறுநாள் காலை, கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று கணினியைத் தூக்கியவள் சூடு தாங்காமல் மேசைமேல் போட்டேன். உள்ளே விசிறி ஓலமிட்டுக்கொண்டிருந்தது. வெளியே ஒரு பொட்டுக் காற்று வரவில்லை. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். காற்று வெளியேறும் இடுக்குகள் முழுவதையும் காய்ந்துபோன மஞ்சள் நிறப் பூச்சு அடைத்திருந்தது. அதன் நடுவில், நல்ல அளவில், குங்குமம்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை சித்தப்பாவின் பொறுப்பு. வேன், ஜாக்கி, ஸ்பேனர், மிக்சி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பார். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை.

"சித்தப்பா, இதுல சந்தனம் வெச்சது நீங்களா?"

"ஆமா. ஏன், அழிஞ்சிபோச்சா?"

"காத்து போற எடத்துல ஏன் வெச்சீங்க?"

"பின்ன? வண்டிக்கு எங்க வெக்கறோம்? மூஞ்சில. வண்டிக்கு மூஞ்சி எது? முன்னால கம்பி கம்பியா கீது பாரு, அது. இதுல எங்க கம்பி கம்பியா கீது? நீயே சொல்லு."

எவ்வளவு யோசித்தும் அந்த வாதத்தில் பிழை காண முடியவில்லை. இரண்டும் வெப்பத்தை வெளியேற்றும் வாய்கள்தாம். வேனின் வாய் பெரியது, ஒரு பொட்டை அது பொருட்படுத்தாது. இதன் வாய் சின்னது. வேறுபாடு அவ்வளவே.

உள்ளறையிலிருந்து சித்தி வந்தார். புதுப் புடவையைப் பாதி கட்டியும் பாதி கட்டாமலும்.

"வேணும்னே பண்ணிக்கீற நீ! நான் வேலைக்குப் போவக்கூடாது, அதான?"

"ஏம்மே, இன்னா பேசற?" என்றார் சித்தப்பா. "உனுக்கு இதுலதான் இன்டர்வியூன்னு இதுக்கு மட்டும் மூணு தபா வெச்சேன். சோறு போடற வண்டிக்கே ஒரு தபாதான்."

சித்தி திரும்பி நின்று, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த கொசுவத்தை மறுபடி மடித்தார்.

ஊக்கும் பழைய பல்துலக்கியும் கொண்டு சுரண்டினேன். மேலே இருந்தது வந்தது. உள்ளே போனது வரவில்லை. இடுக்குகளில் பாதிதான் திறந்தது. பக்கத்தில் மேசை விசிறியை வைத்தால் சமாளிக்கலாம் என்று கணக்கிட்டு, வைத்தோம். எழுத்துகள் தட்டியவுடன் வந்தன. நேர்காணல் தொடங்கியது. உடனே மின்சாரம் போயிற்று.

இணையம் என் கைபேசியிலிருந்து வந்தது. பேட்டரியும் கொஞ்ச நேரம் தாங்கும். சூடுதான் தாங்காது. யாரும் கேட்காமலேயே சித்தப்பா ஒரு பழைய நாட்காட்டி அட்டையை எடுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்து விசிறத் தொடங்கினார். நான் கதவோரம் நின்றேன். திரையில் இரண்டு அம்மையார்கள்.

"பொண்ணுங்க ராத்திரி லேட்டா வந்தா என்ன செய்வீங்க?"

"முதல்ல சாப்பிட்டாச்சான்னு கேட்பேன் மேடம். அப்புறம்தான் மத்த கேள்வி. பசியில இருக்கிறவங்க பொய் நிறையச் சொல்வாங்க."

இரண்டு நாளாகப் பழகிய சீரான தமிழ். அறிவிப்பையும் தட்டச்சு செய்யத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா, கை வலித்ததால், கை மாற்றுவதற்காக நிமிர்ந்தார்.

"உங்க பக்கத்துல ஏதோ ஆடுதே?" என்றார் ஓர் அம்மையார்.

"எங்க வூட்டுக்காரரு மேடம். கரண்ட் இல்ல. மிஷின் சூடாவுதுன்னு விசிறிக்கினு இருக்காரு."

தம்மைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் எழுந்து நிற்பதே மரியாதை என்று சித்தப்பா முடிவு செய்தார். அட்டையோடு சேர்த்துக் கைகூப்பி, "வணக்கம் மேடம்," என்றார். காற்று நின்றது. அம்மையார்களின் முகங்கள் திரையில் உறையத் தொடங்கின.

"உக்காந்து விசிறு!"

சித்தியின் குரல் தெருமுனைவரை கேட்டிருக்கும். சித்தப்பா மட்டுமல்ல, நானும் உட்கார்ந்துவிட்டேன். திரை மெல்ல உயிர்பெற்றபோது இரண்டு அம்மையார்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் குரல்தாம்மா எங்களுக்கு வேணும்," என்றார்.

மாலையில் அழைப்பு வந்தது. வேலை உறுதி, வரும் மாதம் சேர வேண்டும். சித்தப்பா தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு பெட்டி இனிப்போடு திரும்பினார். சித்தி துணிப் பெட்டியைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மே பெட்டி?"

"அங்க தங்கறதுக்கு. வார்டன்னா பின்ன இன்னா, காலையில போய்ட்டு சாய்ந்தரம் வரதா? ஞாயித்துக்கெழம வருவேன்."

சித்தப்பா இனிப்புப் பெட்டியைத் துணிப் பெட்டியின் பக்கத்தில் வைத்தார். பிறகு, "அங்க வண்டி ஓட்ட ஆளு வேணுமான்னு கேட்டியா?" என்றார்.

"கேக்கவா?" சித்தி சிரிக்கவில்லை.

"வேணா, வுடு," என்று சித்தப்பா இனிப்புப் பெட்டியைத் திறந்தார். "ரெண்டு எடத்துலயும் உன்கிட்ட திட்டு வாங்க என்னால ஆவாது."