பின்காலின் மேல் போட்ட பழி

மகேஸ்வரியின் வலது கை முறிந்ததற்கு நான்தான் காரணம். அடித்தவன் அவள் கணவன். ஆனால் அந்தக் கையை அடிக்கு நேரே நீட்ட வைத்தவன் நான். அதைவிடக் கேவலமான ஒன்றையும் செய்தேன்... தவறு அவளுடையது என்று அவளையே நம்பவைத்தேன்!

இத்தனை வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. இதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது, பாருங்கள்.

எங்களுடையது கித்துல்கலைக்கு மேலே ஓர் இறப்பர்த் தோட்டம். இளவயதில் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது கராத்தே பழகினேன். என் ஆசிரியர் ஒரு சிங்களவர். மாதக்கணக்கில் என்னை நிற்க மட்டுமே வைத்தார். முழங்காலை மடக்கி, பின்காலை ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி... தொடை நடுங்கும். அது முடிந்ததும் தடுப்பு. தலைக்கு வரும் அடியை எப்படித் தள்ளுவது, வயிற்றுக்கு வரும் உதையை எப்படி விலக்குவது என்று அதற்கும் மாதங்கள். "குத்து எப்போது?" என்று கேட்டால் சிரிப்பார். "அவசரப்படாதே மல்லி, முதலில் அடி வாங்காமல் இரு" என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்துச் சொல்வார்.

தொண்ணூறுகளின் கடைசியில் தோட்டத்துக்குத் திரும்பினேன். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவின் முற்றத்தில் மாலை வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். முதலில் என் ஆசிரியரின் வழியில்தான் நடத்தினேன். பால் வெட்டிக் களைத்து வந்த இளைஞர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஒருவன் முகத்துக்கு நேரே கேட்டான்:

"நிக்கிறதுக்கா மாஸ்டர் வந்தோம்? விடிஞ்சதுலேருந்து மரத்தடியில நின்னுட்டுத்தானே வர்றோம்!"

சுருக்கென்றது. மறுவாரமே பாடத்தைத் தலைகீழாக்கினேன். முதல் நாளே குத்து. அடுத்து உதை, ஓடு உடைப்பது. குத்துவதற்கு வேண்டிய ஒரே ஒரு நிலையை மட்டும் வைத்துக்கொண்டேன். தடுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்... முற்றம் நிரம்பியது. எனக்கும் தலை கனத்தது.

மகேஸ்வரி அக்கா வந்தது அப்போதுதான். மேல் லயத்து வீட்டு வரிசையில் இருந்தவள், பால் வெட்டுபவள், என்னைவிடச் சில வயது மூத்தவள். அவள் கணவன் தங்கராசு கசிப்புக் குடித்துவிட்டு வந்து அவளை அடிப்பது தோட்டத்துக்கே தெரியும். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

எல்லோரும் கலைந்து போகும்வரை ஓரமாக நின்றாள். பிறகு சொன்னாள்:

"மாஸ்டர், எனக்கு யாரையும் அடிக்கத் தேவையில்லைங்க. அவரு அடிச்சா மேல படாம இருக்கணும். அதை மட்டும் சொல்லித் தாங்க."

எவ்வளவு தெளிவாகக் கேட்டாள்! கராத்தே என்றால் என்னவென்றே அறியாத அந்தப் பெண், முதலில் கற்க வேண்டியதையே கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அதெல்லாம் அப்புறம் அக்கா. முதல்ல குத்துப் பழகுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அது போர்க்காலம். தமிழ்ப் பிள்ளைகள் கூடிச் சண்டை பழகுவதை யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாதே! ஆகவே திருவிழாவில் எல்லோர் முன்னிலையிலும் செய்துகாட்டுவதாகச் சொல்லித்தான் தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் அனுமதி வாங்கியிருந்தேன். தோட்டத்துப் பெண்ணொருத்தி மேடையேறி ஓடு உடைத்தால்... அந்தக் காட்சி என் மனத்தில் விழுந்துவிட்டது. அவள் எனக்கு ஒரு காட்சிப்பொருள். அவ்வளவுதான்!

இடையில் ஒருமுறை, தயங்கித் தயங்கி, "அந்தத் தடுக்கிறது எப்பங்க மாஸ்டர்?" என்று கேட்டாள். "திருவிழா முடியட்டும் அக்கா" என்றேன்.

திருவிழாவில் அவள் ஓடுகளை உடைத்தாள். கைதட்டல் அடங்கவே இல்லை. கூட்டத்தில் தங்கராசுவும் நின்றான். யாரோ கத்தினார்கள்: "டேய் தங்கராசு, இனிமே பாத்து நடந்துக்க!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவன் இறப்பர்க் கட்டை ஒன்றோடு லயத்துக்கு வந்தான். "எங்க, இதை ஒடைச்சுக் காட்டு பாப்போம்!" என்று கட்டையை ஓங்கினான். அவள் ஓடவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே நின்று, நான் சொல்லிக்கொடுத்தபடியே குத்தினாள். இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்... வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தவள் அவள்.

ஓங்கி வரும் கட்டைக்கு முன்னால் அவளிடம் வேறென்ன இருந்தது? நான் வேறென்ன கொடுத்திருந்தேன்? முன்கை எலும்பு இரண்டும் முறிந்தன. அவள் விழுந்த விதத்தைப் பார்த்துத் தங்கராசு பயந்து ஓடினான். அன்றே பஸ் ஏறியவன் திரும்பி வரவேயில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோள்வரை கட்டுப் போட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"மாஸ்டர், நான் எங்கங்க தப்புப் பண்ணேன்?"

அந்த ஒரு கணம்... அதற்குள் இன்னும் நான் அடைபட்டுக் கிடக்கிறேன். "நீங்க தப்புப் பண்ணல அக்கா, நான்தான்" என்றிருக்கலாம். வாய் திறந்தது. வந்தது வேறு.

"பின்கால நீங்க சரியா ஊனல அக்கா."

அவள் தலையாட்டினாள். "ஆமாங்க... பயத்துல தூக்கிட்டேன் போல."

கை கோணலாகவே கூடியது. பால் வெட்டும் கத்தியை அந்தக் கையால் பிடிக்க முடியவில்லை. புல் வெட்டப் போனாள். பிறகு பிள்ளைக் காம்பராவைக் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. தோட்டமோ வேறு கதை பேசியது. கராத்தே பழகிப் புருஷனை விரட்டியவள்! அந்தக் கதையைக் கேட்டுத்தான் கடைத்தெருவிலிருந்தும் பிள்ளைகளை என்னிடம் கூட்டிவந்தார்கள். என் பெயர் வளர்ந்தது. மறுக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் வாய் மூடி நின்றேன்.

இப்போது நான் முதல் நாளே தடுப்புச் சொல்லிக்கொடுக்கிறேன். குத்து பிறகுதான். "மாஸ்டர் முறையே தனி" என்கிறார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு புது மாணவனின் முகத்தையும் பார்க்கிறேன்.

அன்று கைக்குழந்தையாக இருந்த அவள் மகள் கவிதாவும் இப்போது என் வகுப்பில்தான் இருக்கிறாள். மகளைச் சேர்க்க வந்த அன்று என் எதிரிலேயே சொன்னாள்: "மாஸ்டர் சொல்றதை அப்படியே கேளு. நான் கேக்காமத்தான் கையக் கெடுத்துக்கிட்டேன்."

இதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை, சொல்லியே தீருவது என்று மேல் லயத்துக்கு ஏறினேன். பிளேன்டீ வைத்துக் கொடுத்தாள். "அக்கா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில..." என்று தொடங்கினேன்.

அவள் முகம் மலர்ந்தது. "ஞாபகம் வச்சிருக்கீங்களா மாஸ்டர்! நானும் மறக்கல. நீங்க சொன்னதுலேருந்து தெனமும் காலையில நின்னு பழகுறேங்க. யாருக்கும் தெரியாது, வீட்டுக்குப் பின்னால..."

சேலையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றாள். முழங்கால் மடங்கியது. இடுப்பு தாழ்ந்தது. பின்கால் தரையில் பாறைபோல் பதிந்திருந்தது. கோணல் கை மட்டும் நெஞ்சுவரை எழும்பி அங்கேயே நின்றது.

"இப்பச் சரியாங்க மாஸ்டர்?"

"சரியா இருக்கு அக்கா" என்றேன்.

அவளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி! கோப்பையை வைத்துவிட்டு, படிகளில் வேகமாக இறங்கி வந்துவிட்டேன்.