லோடு லைனில் ஒரு உடற்பயிற்சி வகுப்பு

முதல் நாள், ஒரே ஆள்

நான் முதன்முதலாக ஆன்லைன் வகுப்பு எடுத்த அன்று, போன் திரையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். ஜிம்மில் என்னிடம் காலைப் பயிற்சிக்கு வரும் வேப்பந்தட்டை கலைச்செல்வி. அவரும் உடற்பயிற்சி செய்யவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

பெரம்பலூரில் பாலக்கரை பக்கம் ஒரு ஜிம்மில் பெண்கள் பேட்சுக்குப் பல வருடங்களாக நான்தான் டிரெய்னர். சொந்த ஊர் வரதராசன்பேட்டை. கல்லூரி விளையாட்டுப் போட்டிகளில் குண்டு எறிந்தவள், அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்குள் நுழைந்து, பிறகு படித்து, சான்றிதழ் வாங்கி, நிலைத்துவிட்டேன். நிலைத்துவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜிம் ஓனர் பாஸ்கர் சார் ஒரு நாள் கூப்பிட்டார்.

"மேடம், சாயந்தரம் லேடீஸ் பேட்ச்ல ஆளே இல்ல. பசங்க நெறைய பேரு எடம் கேக்குறாங்க. நீங்க காலைல மட்டும் வந்தாப் போதும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. சாயந்தர நேரத்தில் எந்த வீட்டில் பெண்களை விடுவார்கள்? அடுப்பு, பிள்ளைகளின் பாடம், எல்லாம் அந்த நேரத்தில்தான். ஆனால் என் வருமானத்தில் பாதி அந்தச் சாயந்தரத்தில் இருந்தது. ஆன்லைனில் இறங்கலாம் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

பெரிய நகரத்து டிரெய்னர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்தேன். ரிங் லைட் வாங்கினேன். பின்னால் செடி வைத்தேன். பளபளக்கும் ஷூ. "குட் மார்னிங் எவ்ரிஒன்" என்று ஆரம்பித்தேன். எவ்ரிஒன் என்றால் கலைச்செல்வி மட்டும்.

"கலை, நீ செய்யலையா?"

"பாத்துட்டு இருக்கேன்க்கா, நீங்க பண்ணுங்க. டிவி மாதிரி நல்லா தெரியுது."

நான் முழு வகுப்பையும் செய்து முடித்தேன். அவர் கீரையை ஆய்ந்து முடித்தார். இருவரும் கையசைத்து விடைபெற்றோம்.

லாரிக்காரர்

இரண்டு வாரம் இப்படியே ஓடியது. வீடியோவுக்கு லைக் போட்டவர்கள் எல்லாம் என் சொந்தக்காரர்கள். ஒரு நாள் காலை ஜிம்மில் வார்ம்-அப் செய்துகொண்டிருந்தபோது கலைச்செல்வி மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, எங்க வூட்டுக்காரருக்கு அந்த ஆன்லைன்ல சொல்லிக் குடுப்பீங்களா?"

அவருடைய கணவர் ராமலிங்கம், அரியலூர் சிமெண்ட் ஆலைகளிலிருந்து லோடு ஏற்றிப் போகும் லாரி டிரைவர். கேரளா, ஆந்திரா என்று ஓட்டம். சில மாதங்களாக இடுப்பு வலி. லாரியிலிருந்து இறங்கினால் நிமிர முடியாமல் பத்தடி குனிந்தே நடக்கிறாராம்.

"டாக்டர்ட்ட காட்டினீங்களா?"

"காட்டியாச்சுக்கா. ஸ்கேன் பாத்தாரு. டிஸ்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு, சதைதான் வலுவில்லாம போச்சு, எக்சசைஸ் பண்ணுன்னுட்டாரு. இவரு எங்கக்கா பண்றாரு? மாசத்துல நாலு நாள்தான் வூட்ல இருக்காரு. இப்படியே போனா வண்டிய விட்ருன்னு அவங்க அண்ணன் சொல்றாரு. அன்னைலேர்ந்து இவரு சரியா சாப்புடறதே இல்ல."

டாக்டர் எழுதிய சீட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். பயிற்சி செய்யலாம் என்று தெளிவாக இருந்தது. இளம் டிரெய்னர்களே, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வலி என்று சொல்லி வருகிறவருக்கு டாக்டர் பார்க்காமல் ஒரு ஸ்குவாட்டும் சொல்லித் தரக்கூடாது.

ராமலிங்கத்தின் முதல் வகுப்பு காலை ஆறு மணிக்கு. அவர் லாரியை ரஞ்சன்குடி பக்கம் ரோட்டோரம் நிறுத்தியிருந்தார். போனைப் பம்பரில் சாய்த்து வைத்திருந்தார். பின்னால் கோட்டை தெரிந்தது. முன்னால் கைலி கட்டிய மனிதர், மிரண்டுபோய் நின்றார்.

"அண்ணே, மேட் விரிச்சுக்குங்க."

"மேட்டா? அது எங்க இருக்கு மேடம்?"

"சரி, தரையிலயே பிளாங்க் போடுவோம். முழங்கைய ஊனி, உடம்ப நேரா..."

அவர் தரையைப் பார்த்தார். ஜல்லி, எண்ணெய்க் கறை, உடைந்த பாட்டில். பிறகு என்னைப் பார்த்தார். அந்தச் சமயத்தில் ஒரு பஸ் போனது. பஸ்ஸில் இருந்த அத்தனை முகமும் ஜன்னல் வழியாக அவரையே பார்த்ததை நானும் திரையில் பார்த்தேன்.

"மேடம், சிக்னல் வுட்டு வுட்டு வருது" என்றார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. திரை கறுத்தது.

அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுக்கவே இல்லை. நான் கோபப்படவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தேன். ஒரே ஒரு வாடிக்கையாளர், அவரும் போய்விட்டார்.

கேமராவுக்கு வெளியே

"ரெண்டு நாளா ஆலை கேட்லதான்க்கா நிக்கிறாரு. லோடு லைன். இன்னைக்கும் ஏத்த மாட்டாங்களாம்" என்றார் கலைச்செல்வி.

"வா, போய்ப் பாப்போம்" என்றேன். ஸ்கூட்டரில் இருவரும் அரியலூர் போனோம்.

அந்த லைனை அதுவரை நான் பஸ் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஒன்றன் பின் ஒன்றாக லாரிகள், வளைவு தாண்டியும் முடியவில்லை. வேலியோர முட்செடியெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு நின்றது. டிரைவர்கள் தார்ப்பாயை நிழலுக்குக் கட்டிப் படுத்திருந்தார்கள், சீட்டு ஆடினார்கள், சாம்பார் தாளித்தார்கள். பாதி நாள், சில சமயம் முழு நாள், சும்மா இருப்பதுதான் அங்கே வேலை.

எங்களைப் பார்த்ததும் ராமலிங்கம் கதவைத் திறந்து கேபினிலிருந்து தொப்பென்று குதித்தார். குதித்ததும் கை இடுப்புக்குப் போனது. முகம் சுருங்கியது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கேமராவுக்கு முன்னால் வந்து நின்ற ராமலிங்கத்தை மட்டும் நான் பார்த்திருக்கிறேன். அவர் எப்படிக் கேமராவுக்கு முன்னால் வந்தார் என்பதைப் பார்த்ததே இல்லை.

"அண்ணே, திரும்ப ஏறுங்க."

"ஏங்க மேடம்?"

"ஏறுங்க, சொல்றேன்."

ஏறினார்.

"இப்ப எறங்குங்க."

மறுபடி தொப்பென்று குதித்தார்.

"எப்பவும் இப்படித்தான் எறங்குவீங்களா?"

"பின்ன, ஏணி வெச்சா எறங்குவாங்க?"

பக்கத்து லாரியின் நிழலில் உட்கார்ந்திருந்தவர் சத்தமாகச் சிரித்தார். சலீம் பாய், லப்பைக்குடிக்காட்டுக்காரர், ராமலிங்கத்தின் பழைய கூட்டாளி.

நான் ஷூவோடு கேபினில் ஏறினேன். கேபினைப் பார்த்தபடி திரும்பி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலைப் படியில் வைத்து, அடுத்த காலை அடுத்த படியில் வைத்து, மெதுவாக இறங்கினேன்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ எறங்குறீங்க? டோல்கேட், டீக்கடை, டயர் பாக்க, தார்ப்பாய் கட்ட. ஒவ்வொரு தடவையும் உங்க மொத்த கனமும் அந்த இடுப்புல போய் அடிக்குது. மொதல்ல இத நிறுத்துங்க. அப்புறம்தான் எக்சசைஸ்."

"மாஷா அல்லாஹ்! மேடம் பேசாம ஹெவி லைசென்ஸ் எடுத்துரலாம்" என்றார் சலீம் பாய்.

அன்று அங்கேயே உட்கார்ந்து ராமலிங்கத்துக்கான பயிற்சியைப் புதிதாக அமைத்தேன். தரையில் பிளாங்க் வேண்டாம், பம்பரில் கையூன்றிச் சாய்ந்து நிற்கலாம். உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்குக் கேபின் கைப்பிடி. முதுகுக்குத் தார்ப்பாய்க் கயிறு, பின்சட்டத்தில் கட்டி இழுக்க வேண்டியதுதான். பொருளைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனியும் ஹிப் ஹின்ஜ், அதற்குத் தண்ணீர் கேன். ஒவ்வொன்றையும் செய்யச் சொல்லி, முதுகு எங்கே வளைகிறது, மூச்சை எங்கே பிடித்துக்கொள்கிறார் என்று பார்த்துத் திருத்தினேன். கலைச்செல்வி பக்கத்தில் நின்று, "அக்கா சொன்னா மாதிரி குந்துங்க, நான் குந்தல?" என்று தன் பங்குக்கு மிரட்டினார்.

கிளம்பும்போது ராமலிங்கம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், அந்த வீடியோ கால் மட்டும் வேண்டாம். நாலு பேரு பாக்குறாங்க, கூச்சமா இருக்கு. நீங்க பேசி அனுப்புங்க. கேட்டு கேட்டு பண்றேன்."

ஸ்பீக்கர்

ரிங் லைட்டை எடுத்துப் பரண்மேல் போட்டேன். ஒவ்வொரு பயிற்சியையும் என் குரலில் பேசி, எண்ணி, வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். "குட் மார்னிங் எவ்ரிஒன்" கிடையாது. ஜிம்மில் எப்படிப் பேசுவேனோ அப்படியே. "ஒண்ணு... மூச்ச விடுங்க... ரெண்டு... அண்ணே, இடுப்ப ஆட்டாதீங்க... மூணு... அவ்வளவுதான், விட்ராதீங்க." நேரமும் நான் குறிக்கவில்லை. லைனில் நிற்கும்போது செய்யட்டும், வாரம் ஒரு முறை அவர் வீட்டுக்கு வரும் நாளில் கலைச்செல்வி எடுத்து அனுப்பும் சின்ன வீடியோவில் நான் திருத்துவேன், தினமும் வலி எப்படி என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றேன்.

முதல் வாரம் "அப்டியேதான் இருக்கு" என்று வந்தது. பிறகு "காலைல பரவால்ல". பிறகு ஒரு நாள், "கொச்சில எறங்கி நிமுந்தே நடந்தேன்". அதைப் படித்துவிட்டு ஜிம்மில் நான் போட்ட சத்தத்தில் பாஸ்கர் சார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. போனில் சத்தம் போதவில்லை என்று ராமலிங்கம் என் வாய்ஸ் மெசேஜை லாரி ஸ்பீக்கரில் போட ஆரம்பித்திருக்கிறார். முதலில் கேலி செய்த சலீம் பாய், முட்டி வலி அவருக்கும் இருந்ததால், சும்மா கூட நின்று பார்க்கிறேன் என்று சேர்ந்திருக்கிறார். அப்புறம் அடுத்த லாரிக்காரர், அதற்கடுத்தவர். தமிழ் தெரியாத ஒரு ஆந்திரா டிரைவர்கூட என் குரலைக் கேட்டு எண்ணுகிறார் என்று கலைச்செல்வி வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. ராமலிங்கம் அனுப்பிய வீடியோவைக் காட்டினார். ஆலை கேட்டுக்கு எதிரே, கைலியும் அரை டிராயருமாக ஒரு வரிசை, ஆளுக்கொரு பம்பரில் கையூன்றி நிற்கிறது. ஸ்பீக்கர் அலறுகிறது: "அண்ணே, இடுப்ப ஆட்டாதீங்க!" மொத்த வரிசையும் இடுப்பை நிறுத்துகிறது.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த வாரமே வேறு விதமாகத் தண்ணீர் வரும்போல் ஆகிவிட்டது.

மேனேஜர் கூப்பிட்டார்

"மேடம், எங்க டிரான்ஸ்போர்ட் மேனேஜர் உங்கள கையோட வரச் சொல்றாரு" என்று ராமலிங்கம் போனில் சொன்னார். குரலே சரியில்லை. "கேட் செக்யூரிட்டி போட்டுக் குடுத்துட்டாங்க. எனக்கு டிரிப் குடுக்கறத நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு."

டிரிப் இல்லையென்றால் அவருக்கு லாரி இல்லை. இடுப்பைக் காப்பாற்றி வேலையைப் போக்கிவிட்டேனா என்று அரியலூர் போகும் வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன். தவறு என்மேல்தான் என்று சொல்லிவிட வேண்டும், அந்த மனிதரை ஒன்றும் செய்யாதீர்கள் என்று கேட்டுவிட வேண்டும். வார்த்தைகளை அடுக்கிவைத்துக்கொண்டே போனேன்.

ஆபீஸ் ஆலை கேட்டை ஒட்டியே இருந்தது. மேனேஜர் ஐம்பதைத் தாண்டியவர். மேஜைக்கும் நாற்காலிக்கும் இடையே வயிறு இறுக்கமாக இருந்தது. ராமலிங்கம் சுவரோரம் நின்றார்.

"நீங்கதான் அந்த இடுப்பு மேடமா?" என்றார்.

"ஆமாங்க சார். அவர் மேல தப்பு இல்ல..."

"இருங்க. வண்டிய முன்னாடி நகத்துடான்னா, 'இன்னும் ஒரு செட் இருக்கு சார்'ங்கிறானுங்க. லைன் நகரலன்னு ஆலைலேர்ந்து எனக்குப் போன். கேட்டா எக்சசைஸாம். என்னதான் சொல்லிக் குடுக்குறீங்க?"

நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தை எல்லாம் மறந்துபோனது. ராமலிங்கத்தைப் பார்த்து, "அண்ணே, வண்டில ஏறி எறங்கிக் காட்டுங்க" என்றேன். வாசலில் லாரி நின்றது. மேனேஜர் ஜன்னலோரம் வந்தார். ராமலிங்கம் ஏறினார். கேபினைப் பார்த்துத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, படிப்படியாக இறங்கி, நிமிர்ந்து நடந்து வந்தார். கை இடுப்புக்குப் போகவில்லை. இதே மனிதர் குனிந்துகொண்டு போனதை அந்த மேனேஜரும் பார்த்திருக்க வேண்டும். நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தார்.

"செக்யூரிட்டிகிட்ட நான் சொல்லிக்கிறேன். லைன் நகர்ற நேரத்துல மட்டும் கூடாது. மத்தபடி எங்க டிரைவர் எல்லாருக்கும் நீங்களே சொல்லிக் குடுங்க. ஆபீஸ்லேர்ந்து சம்பளமா போட்டுர்றேன். ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க சார்."

அவர் ராமலிங்கத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஸ்பீக்கர்ல கொஞ்சம் மெதுவா எண்ணுங்க மேடம். நானும் ரூம் கதவ சாத்திட்டு இந்த மேஜையப் புடிச்சு பண்ணிப் பாக்குறேன். உங்க வேகத்துக்கு என்னால எந்திரிக்க முடியல."

புதிதாக வருகிறவர்களுக்கு

இன்று என்னிடம் ஆன்லைனில் பயிற்சி எடுப்பவர்களில் லாரிக்காரர்கள் மட்டும் இல்லை. கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் நாள் முழுக்க உட்கார்ந்து முந்திரி உடைக்கும் பெண்கள் ஒரு குழு. கரும்பலகை முன் நின்றே கால் வீங்கிப்போன ஏலாக்குறிச்சி டீச்சர்கள் ஒரு குழு. அவர்களுக்கு நான் சொல்லித் தருவது ஒன்றுக்கொன்று வேறு. ஜிம்மில் சாயந்தரப் பேட்ச் போனதைப் பற்றி நான் இப்போது நினைப்பதே இல்லை. ராமலிங்கம் இன்னும் வண்டி ஓட்டுகிறார். கலைச்செல்வி ஒரு விடுமுறைக்கு அவரோடு லாரியிலேயே கொச்சிக்குப் போய்க் கடல் பார்த்துவிட்டு வந்தார்.

ஆன்லைனுக்கு வரும் இளம் டிரெய்னர்கள் என்னிடம் எந்த கேமரா, எந்த ஆப் என்று கேட்கிறார்கள். எது கையில் இருக்கிறதோ அது போதும். ஜிம்முக்கு வருகிறவர் நம் இடத்துக்கு வருகிறார், அங்கே எல்லாம் நமக்கு ஏற்றபடி இருக்கும். ஆன்லைனில் நாம்தான் அவர் இடத்துக்குப் போகிறோம். அதனால் புதிதாக யார் வந்தாலும் எடை, உயரம் கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: "காலைல எந்திரிச்சதுலேர்ந்து படுக்குற வரைக்கும் என்னென்ன செய்வீங்க, பொறுமையா சொல்லுங்க." அவர்கள் சொல்லி முடிக்கும்போது, பல சமயம் என்ன சொல்லித் தர வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.