வக்கா பாய்

மதுரை சிம்மக்கல்லில் கயிறு, தார்ப்பாய் மொத்த வியாபாரம் செய்யும் முகம்மது கனியைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால் அவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டு மூட்டை தூக்க வந்தவர். இன்று மூன்று கடை, அலங்காநல்லூர் சாலையில் மாடி வீடு. எல்லாம் ஒற்றை ஆளாகச் சம்பாதித்தது. கேட்பவருக்கும் அதைச் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார்.

கடைகளை மகன் ஷாகிரிடம் விட்ட மறுமாதமே, வீட்டுக்கு எதிரே நாறிக் கிடந்த கூளையன் கண்மாயைக் கையில் எடுத்தார். அரசாங்கத்துக் கண்மாய்தான். ஆனாலும் அவர் பேச்சில் அது "என் கண்மாய்". மூன்று வருஷத்தில் லாரி லாரியாகக் குப்பை வெளியே போனது. வரத்துக் கால்வாயில் சாக்கடையைத் திறந்துவிட்டிருந்த கல்யாண மண்டபக்காரர், கனி தினமும் மண்டப வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததில் தானே அதை அடைத்தார். ஞாயிறு தோறும் இருபது பேராவது மண்வெட்டியோடு கரைக்கு வந்தார்கள். தண்ணீர் தெளிந்தது, கெண்டை துள்ளியது.

பாக்கி இருந்தது சீமைக்கருவேலம். அதை வெட்ட ஒன்பது தடவை தாலுகா ஆபீசுக்கு நடந்து உத்தரவு வாங்கினார். அன்றைக்குக் கரையோரம் இருக்கும் மொக்கைச்சாமியின் டீக்கடையில் எல்லாரும் கேட்கச் சொன்னார்.

"பங்குனி கடைசி ஞாயித்துக்கிழமை. பொழுது சாயும்போது கண்மாய்க்குள்ள ஒத்தச் சீமைக்கருவேலம் நின்னாலும் நான் என் பேரை மாத்திக்கிறேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க பாய்," என்றார் மொக்கைச்சாமி. "ஆதார் கார்டுலயும்ல மாத்தணும்."

"கனி சொன்னா சொன்னதுதான்யா. டீயைப் போடு."

அந்த ஞாயிறு வந்தது. ஜினோ ஓட்டிய ஜேசிபி மத்தியானத்துக்குள் கரையோரத்தை மொட்டையாக்கிவிட்டது. கண்மாய் நடுவே, முழங்கால் தண்ணீரில், பதினோரு மரம் மட்டும் மிச்சம். வண்டி அங்கே திரும்பியதும், கரையில் ஆடு மேய்க்கும் பாண்டீஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி மறித்தாள். எந்த ஞாயிறும் வேலைக்குத் தவறாதவள்.

"அண்ணே, இது வேணாம். மேல வக்கா குஞ்சு பொரிச்சிருக்கு."

வக்கா என்பது பகலெல்லாம் மரத்தில் கூனி உட்கார்ந்துவிட்டு இருட்டியதும் மீன் பிடிக்கக் கிளம்பும் சாம்பல் நிறக் கொக்கு.

"கொக்குதானே ஆத்தா," என்றார் கனி. "வேற மரத்துக்குப் போயிக்கிரும்."

"ரெக்கை உள்ளது போகும். முளைக்காதது எங்கண்ணே போகும்?"

"எம்புட்டு இருக்கும்?"

"ஏறிப் பாருங்க. நான் சொன்னா நம்பவா போறீங்க."

நம்பமாட்டார்தான். பிரித்துப் பார்க்காமல் ஒரு கட்டுக் கயிறுகூட வாங்கியதில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலியோடு ஜேசிபி பக்கெட்டில் ஏறி நின்றார். ஜினோ மெல்ல உயர்த்தினான்.

மூன்று வருஷமாக இந்தக் கண்மாயில் அவர் குனிந்தே பார்த்திருக்கிறார். அண்ணாந்து பார்த்ததில்லை. கவட்டைக்குக் கவட்டை சுள்ளிக் கூடு. கூட்டுக்கு மூன்று குஞ்சு, தலையெல்லாம் சிலிர்த்த மயிர். பக்கத்தில் இருந்த ஒன்று மிரண்டுபோய்க் கழுத்தை நீட்டி, தின்றதை அப்படியே அவர் மார்பில் கக்கியது.

கீழே ஒரே சிரிப்பு. கனி சிரிக்கவில்லை. கக்கியதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். பாதி செரித்த கெண்டை. அவர் கண்மாய்க் கெண்டை.

இந்த மரங்கள் மூன்று வருஷத்துக்கு முன்னாலும் நின்றன. அப்போது ஒரு வக்காவும் இல்லை. தண்ணீர் தெளிந்ததால் மீன், மீன் இருந்ததால் இவை. அப்படியானால் இத்தனையையும் குடிவைத்தது யார்? கனிதான். குடிவைத்தவனே கூரையைப் பிரிப்பதா? ஆனால் டீக்கடையில் சொன்ன சொல்? நாற்பது வருஷத்தில் கனி பேச்சு மாறினான் என்று ஒரு வியாபாரி சொன்னதில்லை. பக்கெட் வெகுநேரம் மேலேயே நின்றது.

"எறக்குப்பா," என்றார் கடைசியில். கால் தரையில் பட்டதும், "வண்டியைக் கரைக்குத் திருப்பு ஜினோ. இந்தப் பதினொண்ணும் நிக்கட்டும்."

மொக்கைச்சாமி இதற்காகவே கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். "அப்பப் புதுப் பேரு என்ன பாய்?"

"சுத்தி நாட்டுக் கருவேலம் நடப்போறேன். அது கூடு தாங்குற அளவுக்கு வளரட்டும், அப்புறம் இதைத் தொடுவோம். மரத்தைத்தான்யா விட்டேன், சொல்லை விடல. நின்னா பேரை மாத்திக்கிறேன்னேன். நிக்கிது. மாத்து."

பாண்டீஸ்வரிதான் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "சட்டையிலயே எழுதியிருக்கே. வக்கா பாய்."

ஒரே வாரத்தில் பேர் சிம்மக்கல் போய்ச் சேர்ந்தது. ஷாகிர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"அத்தா, கடைக்கு வாரவன் பூராம் வக்கா பாய் இருக்காரான்னுதான் கேக்குறான். மானம் போகுது."

"மதுரையில எத்தனையோ கனி இருக்கான்டா. வக்கா பாய் ஒருத்தன்தான்," என்றார் அவர். "கடை போர்டுல ஒண்ணு வரையச் சொல்லு. வெள்ளைக் கொக்கை வரைஞ்சு வச்சிராம. ஆர்ட்டிஸ்டை இங்க கூட்டிட்டு வா, நானே காட்டுறேன்."