கண்டக்டர் கட்டிய சந்தா

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் அந்தக் கண்டக்டரை வாரம் ஒருமுறை பார்ப்பேன். குள்ளமான மனிதர். காதில் பென்சில், தோல் பைக்குள் ஓர் ஆங்கிலப் பத்திரிகை. பம்பாய், கல்கத்தா, ஊட்டியில் உள்ள பெரிய ஓட்டல்களில் தங்கிப் பார்த்து, நல்லது கெட்டது எழுதும் மாதப் பத்திரிகை அது. வருஷச் சந்தா பன்னிரண்டு ரூபாய்.

சூளகிரியில் பஸ் நிற்கும் ஓட்டலில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு இலவசம் என்பது வழக்கம். இவர் மட்டும் காசு கொடுத்து இட்லி தின்பார். பிறகு ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொள்வார்.

ஒருநாள் அங்கே எதிரில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன். "அந்தப் பத்திரிகையில வர்ற ஓட்டல் வாசப்படியக்கூட நீங்க மிதிக்கப் போறதில்ல. பன்னெண்டு ரூபா தண்டந்தானே?"

அவர் கோபப்படவில்லை. "ஓசியில தின்னவன் குறை சொல்ல முடியாதுன்னு அதுல எழுதியிருந்தாங்க சார். எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. அன்னைக்கே இங்க காசக் குடுத்துட்டு, டம்ளர வெந்நீர்ல கழுவலேன்னா நாளைக்கு வண்டி எதிர்க்கடையில நிக்கும்னு சொல்லிட்டேன்."

ஓட்டல்காரர் என் முன் காலி டம்ளரை வைத்தார். தொட்டால் சுட்டது.

அடுத்த வருஷச் சந்தாவில் பாதியை நான் தருகிறேன் என்று பணத்தை நீட்டினேன். அவர் கையை மெதுவாகத் தள்ளினார்.

"வேண்டாம் சார். அப்புறம் உங்களப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

என்னைப் பற்றி அவர் என்ன குறித்து வைத்திருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.