முதுகில் இரண்டு பேட்ச்

இரண்டு வாரத்துக்கு முன் பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போய், உடைக்காமல் திரும்பினோம். உடைக்க விடவில்லை — என் பெண் காயத்ரி!

கரமனை வீட்டில் எங்களோடு இருக்கும் என் அண்ணாவுக்கு அல்சைமர். மறதி நோய், குழந்தைகளே. அதற்கு முதுகில் பேட்ச் ஒட்டுகிறோம். மருந்து தோல் வழியாக மெல்ல உள்ளே போகும். தினமும் புதுசு, தினமும் வேறு இடம்.

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அண்ணாவுக்கு ஒரே வாந்தி, தலைசுற்றல். காலையில் புதுசு ஒட்ட மன்னிக்குக் கையே வரவில்லை. "இந்த மருந்தே வேண்டாம்டா. டாக்டர்கிட்ட சொல்லி நிறுத்திடலாம்" என்றாள். ஆட்டோ பிடித்தோம். வழியில் ஒரு தேங்காய்... அதுவும் மன்னியின் பிடிவாதம்தான்.

நம் மலையாள ஊரில் ஆண்கள் சட்டையோடு கோயிலுக்குள் போக முடியாதே! வாசலில் அண்ணாவின் சட்டையைக் கழற்றினேன். பின்னால் நின்ற காயத்ரி கத்தினாள்.

"அப்பா, பெரியப்பா முதுகுல ரெண்டு இருக்கு!"

"என்னடி ரெண்டு?"

"பேட்ச்! பழசை எடுத்துட்டுத்தான் புதுசு ஒட்டணும்னு நர்ஸ் சேச்சி சொன்னாளே!"

மன்னிக்கு முகம் வெளுத்தது. "ஐயோ... குளிக்கறச்சேதானே பழசை எடுப்பேன். ஜலதோஷம்னு நேத்திக்குக் குளிப்பாட்டலையே! இருடி, இந்தத் தேங்காயை மட்டும்..."

"பிள்ளையார் எங்கேயும் ஓடிப்போக மாட்டார் பெரியம்மா. முதல்ல டாக்டருக்கு போன் பண்ணுங்கோ!"

இரண்டையும் உடனே எடுத்துவிட்டு ஆளைக் கூட்டி வரச் சொன்னார் டாக்டர். நாடித் துடிப்பு ரொம்பக் குறைந்திருந்தது. சாயங்காலம் வரை படுக்கவைத்துக் கவனித்தார்கள். அப்புறம் அண்ணா கஞ்சி கேட்டார். அப்பாடா!

"மிடுக்கி!" என்று காயத்ரியின் தோளில் தட்டினார் டாக்டர். மலையாளத்தில் கெட்டிக்காரி. பத்தாவதோடு நிறுத்திய எனக்கு, நானே டாக்டருக்குப் படித்த மாதிரி இருந்தது!

மருந்து கெட்டதா? இல்லை. ஆனால் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தால் ஆபத்து. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மருந்தை நீங்கள் தொட வேண்டாம். கண்ணை மட்டும் திறந்து வையுங்கள். ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் சத்தமாகச் சொல்லுங்கள் — கோயில் வாசலானாலும் சரி!

டாக்டர் சொன்ன நாளில் மறுபடி ஒட்ட ஆரம்பித்தோம். அண்ணாவுக்குக் காயத்ரியின் பெயர் இன்னும் நினைவில் நிற்கவில்லை. ஆனால் மன்னி புதுப் பேட்சை எடுத்ததும், அவர் முதுகைத் திருப்புவது காயத்ரி பக்கம்தான்.