வூடு பாக்க வந்தோம்ங்க

எங்கள் நகர் தருமபுரியில் இருக்கிறது என்பது என் தரப்பு. தருமபுரி இதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. இண்டூர் பஸ்ஸில் ஏறினால், டவுன் முடிந்துவிட்டது என்று எல்லாரும் ஜன்னலை விட்டுவிட்டு செல்போனை எடுக்கிற இடத்தில் நாங்கள் ஆரம்பிக்கிறோம். நகராட்சிக் குப்பை வண்டி சின்னப் பாலம் வரை வந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஊராட்சிக்காரர்களோ எங்களை டவுன்காரர்கள் என்று நினைத்து மரியாதையோடு ஒதுங்கிக்கொள்வார்கள். வீடு எங்கே என்று யாராவது கேட்டால் "டவுன்லதாங்க" என்பேன். பக்கத்தில் நிற்கும் மனைவி "அவுட்டர்" என்று திருத்துவாள்.

எனக்கு இந்த இடத்தில் ஒரு குறையும் இல்லை. காலி மனைகளில் நட்ட எல்லைக் கற்கள் ஆடுகள் முதுகு சொறிய வசதியாக இருக்கின்றன. காலையில் மயில் வந்து மொட்டை மாடியில் காயப்போட்டதை ஆய்வு செய்துவிட்டுப் போகும். மாம்பழக் காலத்தில் தோப்புப் பக்கமிருந்து வருகிற காற்றுக்கு டவுனில் தனியாக வாடகை கேட்பார்கள்.

இங்கே யாருக்கும் பெயர் கிடையாது. பார்த்த வேலைதான் பெயர். டீச்சர் வூடு, போலீஸ் வூடு, ஈபி சார் வூடு. நான் எழுதுகிறவன் என்று தெரிந்தும், அதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. என் மாடிப் பகுதி வாடகைக்கு என்று கேட்டில் ஒரு போர்டு தொங்குகிறது. தொங்கி வெகுகாலம் ஆயிற்று. அதனால் எங்களுடையது டுலெட் வூடு.

தெருக்களுக்கு எண் உண்டு. அதில்தான் வில்லங்கம். மனை போட்டவர் முதலில் ரோட்டுப் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டு வந்தார். அது பழைய சைட். பிறகு கிடைத்த நிலத்தில் மலைப் பக்கத்திலிருந்து மறுபடியும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார். அது புது சைட். ஆக எங்கள் நகரில் மூன்றாவது குறுக்குத் தெரு என்றே இரண்டு உண்டு. ஒன்றின் கடைசி வீடு கண்டக்டர் வூடு. இன்னொன்றின் கடைசி வீடு என்னுடையது.

கண்டக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். மூத்த மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். நல்ல பையன், நல்ல சம்பளம், முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் வருவார்கள், பையனைப் பிடிக்கும், ஜாதகமும் பொருந்தும். அதன் பிறகு எங்கள் வழக்கப்படி பெண் வீட்டுப் பெரியவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். 'வூடு பாக்கறது' என்று அதற்குப் பெயர். பெண் வராது, பெண்ணின் கண்கள் வரும். அந்தக் கண்கள் சின்னப் பாலத்தைத் தாண்டியதும் சம்பந்தம் முறிந்துவிடும். "பொண்ண கொண்டாந்து காட்டுல உட முடியுங்களா" என்று ஒரு வீட்டார் நேராகவே சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து கண்டக்டரின் மனைவி எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. போனால் பையனைப் பற்றிக் கேட்பார்கள்.

சென்ற தை மாதம் ஒரு சனிக்கிழமை கண்டக்டர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், நாளைக்குக் கடத்தூர்ல இருந்து வூடு பாக்க வர்றாங்க. பொண்ணோட அப்பாவும் அத்தையும். அத்தை சொல்றதுதான் அங்க சட்டமாம். இதுவும் போச்சுன்னா, இனிமே பாக்க வேண்டாம்ப்பான்னு பையனே சொல்லிட்டான்."

"நான் ஏதாவது செய்யணுங்களா?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் சார். அதச் சொல்லத்தான் வந்தேன். போன தடவை வந்தவங்ககிட்ட, பாம்பு வந்தாலும் நல்ல ஜாதிப் பாம்புதான் வருதுன்னு சொன்னீங்க பாருங்க, அந்த மாதிரி எதுவும் பேசிடாதீங்க. நாளைக்கு ஒருநா வூட்டுக்குள்ளயே இருந்துக்கங்க."

இருந்துகொண்டேன். என் மேல் தவறே இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. ஞாயிற்றுக்கிழமை காலை நான் வீட்டுக்குள் உட்கார்ந்து, ஒரு கட்டுரையின் முதல் வரியை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தேன். கேட் சத்தம் கேட்டது. வெளியே ஒரு கார். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவரும், காதில் கனமான தோடு போட்ட ஒரு அம்மாளும் நின்றார்கள். மனைவி சந்தைக்குப் போயிருந்தாள்.

"வூடு பாக்க வந்தோம்ங்க" என்றார் பெரியவர்.

கேட்டில் டுலெட் போர்டு தொங்கும்போது ஒருவர் இப்படிச் சொன்னால் நான் என்ன நினைப்பேன்? கண்டக்டர் வீட்டுக்கு வருகிறவர்கள் என் நினைவிலேயே இல்லை. வராது வந்த குடித்தனக்காரர்கள் என்று பூரித்துப்போய், ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் நேராக மாடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு மாடிச் சுவரில் காரை உரிந்திருந்தது. அந்த அம்மாள் ஜன்னல் கதவைத் திறக்கப் பார்த்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"இங்க யாரும் புழங்கறதில்லைங்களா?" என்றார், அதை என்னிடம் கொடுத்தபடி.

"முன்னாடி இருந்தாங்க. ஆறு மாசம்கூட இருக்கல, கெளம்பிட்டாங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முன்னாடி ஒருத்தங்க இருந்தாங்களா? எங்ககிட்ட யாரும் சொல்லலியே."

"ஒருத்தங்க இல்லைங்க, மூணு பேர் வந்துட்டுப் போய்ட்டாங்க. ஒளிச்சு மறைச்சு என்னங்க ஆவப்போவுது."

பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏனாம், எதுக்குப் போனாங்களாம்?"

எனக்கு ஒரு கொள்கை உண்டு. குறையை முன்னாலேயே சொல்லிவிட்டால் பிற்பாடு சண்டை வராது. இந்தக் கொள்கையால்தான் மாடி காலியாகவே இருக்கிறது என்பது மனைவியின் கருத்து.

"தண்ணிப் பிரச்சினைதாங்க. வேற ஒரு குறையும் சொல்ல முடியாது."

"தெனமுமா?" அம்மாளின் குரல் இறங்கிவிட்டது.

"தெனமும் எங்கங்க. நாலஞ்சு நாளைக்கு ஒருக்காதான். ஆனா வந்தா விடிய விடிய. நாமதான் முழிச்சிருந்து புடிக்கணும்."

"எதப் புடிக்கணும்?" என்றார் பெரியவர்.

"குடத்துலதாங்க. ஒகேனக்கல் தண்ணிய. மத்த நாள்ல போர் தண்ணி வரும், அது உப்பு. அப்பறம் இன்னொண்ணு, அட்வான்ஸ் மட்டும் கைல குடுத்துட்டுத்தான் உள்ள வரணும். அதுல நான் கறாரு."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் கைலியையும், அதில் இருந்த மைக்கறையையும், கையில் இருந்த ஜன்னல் கைப்பிடியையும் பார்த்தார்.

"பையன் எங்கங்க?"

"எந்தப் பையன்? எனக்கு ரெண்டும் பொண்ணுங்க."

கீழே தெருவில் ஆடுகள் போகிற சத்தம் கேட்டது. பெரியவர் செல்போனை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். "மூணாவது குறுக்குத் தெரு. கடைசி மாடி வூடு. கண்டக்டர்."

நான் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு மனிதர் வீடு தேடி வந்து கேட்டுக்கொண்டு போயிருந்தார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே மூன்று கல்யாணம் ஆகி, குடியால் மூவரும் ஓடிப்போய், நான்காவதற்கு வரதட்சணையைக் கையில் வைக்கச் சொல்கிற குடும்பம் என்று அவர்களை நான் நம்பவைத்திருந்தேன். குடத்தையும் ஒகேனக்கலையும் சொன்னது அதற்குள் அவர்கள் காதில் ஏறவில்லை.

புது சைட்டிலிருந்து பழைய சைட்டுக்குப் போகக் கார் வழி சுற்று. காலி மனைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அதில் அவர்களை அழைத்துக்கொண்டு நடந்தேன். முன்னால் இருந்தவர்கள் குடித்தனக்காரர்கள், தண்ணீர் என்பது தண்ணீர், அட்வான்ஸ் என்பது வாடகை அட்வான்ஸ் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். பெரியவர் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெருஞ்சி முள்ளைப் பார்த்துப் பார்த்து நடந்தார்.

கண்டக்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த சட்டை, வாசலில் பெரிய கோலம், உள்ளே பஜ்ஜி வாசனை. மெயின் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர், காட்டுப் பக்கமிருந்து வருகிற எங்களைத் திரும்பிப் பார்த்தார். கூட என்னையும் பார்த்தார். அந்த முகத்தை விவரிக்கிற அளவுக்கு எனக்கு எழுத்து வரவில்லை.

"வழில பாத்தேன், கூட்டிட்டு வந்தேன்" என்றேன்.

"வாங்க வாங்க" என்று அவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "நீங்க போலாம் சார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் கேட்டைத் தாண்டுவதற்குள் அத்தை முதல் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"தண்ணியெல்லாம் எப்பிடிங்க?"

"சத்தியமா கெடையாதுங்க. எம் பையன் தொட்டதே இல்ல" என்றார் கண்டக்டர்.

பெரியவர் மறுபடி சிரித்தது தெரு முனை வரை கேட்டது. கூட யாரும் சிரித்த மாதிரி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மனைவி சந்தையிலிருந்து வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கத்தரிக்காயைப் பையிலிருந்து எடுத்து வைத்தபடியே கேட்டாள், "அந்தம்மா மொகத்துல நான் எப்பிடி முழிக்கிறது?" எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. கண்டக்டரின் மனைவி எங்கள் வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். கட்டுரையின் முதல் வரி அதற்குப் பிறகு நகரவே இல்லை. கார் போகிற சத்தம் கேட்டது. அவர்கள் சீக்கிரம் போகிறார்களா, சாப்பிட்டுவிட்டுப் போகிறார்களா என்று கணக்குப் போட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

சாயங்காலம் கண்டக்டர் வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். காப்பி போடக் கிளம்பிய மனைவி உள்ளே போகாமல் கதவருகே நின்றாள்.

"என்ன சார் பண்ணி வச்சீங்க?" என்றார்.

"தெரியாம நடந்துபோச்சுங்க. வேணும்னா நானே கடத்தூர் போய்..."

"போவாதீங்க சார், கையெடுத்துக் கும்புடறேன். சரின்னுட்டாங்க."

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பிடிங்க?" என்றேன்.

"அந்த அத்தைதான் சொன்னாங்க. 'மொதல்ல ஒரு வூட்ட பாத்தோம் பாருங்க, அத்தோட ஓடிறலாம்னு இருந்தேன். அதப் பாத்துட்டு இங்க வந்தா, மவராசி மாதிரி இருப்பா எங்க புள்ள'ன்னாங்க. காடுன்னு ஒரு வார்த்தை சொல்லல சார். காத்து நல்லா வருதுன்னாங்க. பங்குனி கழிஞ்சதும் முகூர்த்தம்."

என் வீட்டை இப்படி ஒருவர் மதிப்பிட்டதற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குள் மனைவி சர்க்கரை டப்பாவோடு வந்து கண்டக்டரின் கையில் ஒரு பிடி கொட்டிவிட்டாள். பிறகு சந்தைப் புடவையைக்கூட மாற்றாமல் கண்டக்டரின் மனைவியைப் பார்க்க ஒற்றையடிப் பாதையில் கிளம்பிவிட்டாள்.

கண்டக்டர் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். என் சுவரை, மாடிப் படியை, மேலே உரிந்து தொங்குகிற காரையை நிதானமாகப் பார்த்தார்.

"சின்னவன் ஒருத்தன் இருக்கான் சார். அடுத்த வருஷம் அவனுக்குப் பாக்கணும். வர்றவங்கள மொதல்ல இங்கயே அனுப்பி வச்சிடறேன். அதுவரைக்கும் வெள்ளை கிள்ளை அடிச்சிடாதீங்க."