டீச்சரின் சுகவீன விடுமுறை

ஜெசிந்தா டீச்சரின் மரண அறிவித்தலை நான்தான் தட்டச்சு செய்தேன். கம்பளையில் நான் வேலை செய்யும் போட்டோகொப்பிக் கடைக்கு அவருடைய தம்பி வந்து, எழுதிய தாளை நீட்டினார். முந்திய வாரம் டீச்சர் சுகவீன விடுமுறையில் என்று கேள்விப்பட்டபோது, "இந்த முறை எதுக்காம் போராட்டம்?" என்று கேட்டவள் நான். ஆசிரியர் சங்கம் போராட்டத்துக்கு அழைத்தால் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே நாளில் சுகவீன விடுமுறை போடுவது வழக்கம் என்பதால், உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

சங்கத்தின் கிளைச் செயலாளர் அவர். எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் கேட்டு அவர் எழுதிய கடிதங்களை நான் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்திருக்கிறேன். கடையில் ஆட்கள் காத்து நிற்பார்கள். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திருத்துவார்.

"'தயவுசெய்து'வ எடு புள்ள."

"மரியாதையா கேட்டாத்தானே டீச்சர் தருவாங்க?"

"மூணு வருஷமா மரியாதையாத்தான் கேட்டோம். தந்தாங்களா?"

நெஞ்சு நோகிறது என்று போன வருஷக் கடைசியில் ஒருநாள் சொன்னார். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "இந்த வருஷ சுகவீன லீவெல்லாம் முடிஞ்சிருச்சு புள்ள. எனக்கு வர்ற வருத்தத்தையெல்லாம் முன்கூட்டியே சங்கத்துக்குக் குடுத்திட்டேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடக்கத்தன்று ஒரு பிள்ளையின் தகப்பன் என்னைக் காட்டி, "ஸ்ட்ரைக் ஸ்ட்ரைக்னு போயி, இந்தா, இந்தப் புள்ள படிப்பே போச்சு" என்றார். கூட்டத்தில் எனக்கு வாய் வராது. இப்போது எழுதுகிறேன். போராட்ட நாட்களில் எனக்கும் எரிச்சல் வந்ததுண்டு. ஆனால் என் படிப்பு கெட்டது அந்த நாட்களில் அல்ல. பாடசாலை திறந்திருந்து, மணியும் அடித்து, கணிதப் பாடத்துக்கு மட்டும் யாருமே வராத மற்ற நாட்களில்தான். அந்தப் பாடத்துக்கு ஆள் கேட்டு ஒரு வரி எழுதியது சங்கம் மட்டுமே.

டீச்சரின் கடைசிக் கடிதம் இன்னும் கடைக் கணினியில் இருக்கிறது. அதன் அடியில், 'ஆசிரியர் இன்மையால் இடைவிலகிய மாணவர்கள்' என்று போட்டு, கீழே 1, 2, 3 என்று வரிசை இலக்கங்களை மட்டும் எழுதியிருக்கிறார். பெயர்கள் இல்லை. உன் பெயரைப் போடவா என்று, தினமும் பார்த்த என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கடிதத்தை. முதலாம் இலக்கத்துக்கு நேரே என் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டேன். புதிய செயலாளர் நாளை வந்து எடுத்துப் போவார். என் தங்கை இப்போது பத்தாம் வகுப்பு. இரண்டாம் இலக்கம் வெறுமையாகவே இருக்க வேண்டும்.